மொய் நோட்டும் மூணு வரி புரோகிராமும்

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. லேப்டாப்ப மடியில வெக்காதே, சூடு ஏறும். மூணே வரியில புரோகிராம் எழுதிப்போட்டேன் அப்புச்சின்னு காத்தால இருந்து வாசலுக்கும் வீதிக்கும் நடக்கறயே, அந்த மூணு வரிய எனக்கும் காட்டு. நான் எட்டாவதோட நின்னவன்தான். ஆனா நாப்பது வருசம் மொய் எழுதுன கை இது. பட்டியல் போடறதப் பத்தி எவனாச்சும் பேச வந்தா, சித்த நேரம் கேட்டுப்போட்டு அப்பறந்தான் சிரிப்பேன்.

தை மாசம் உங்கக்காவுக்குக் கல்யாணம். நமக்கு யாரு எவ்வளவு வெச்சாங்க, நாம யாருக்குத் திருப்பி வெச்சோம், யாருக்கு இன்னும் பாக்கின்னு பாக்கோணும். அட்டாலியில கெடந்த நாலு நோட்டையும் எறக்கித் தூசி தட்டி, பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு, நோட்டுக்கு ஒரு ஃபோல்டரா வெச்சுட்டே. அது வரைக்கும் நல்ல காரியம். அப்பறம் பைத்தான்ல ‘ஓஎஸ்’னு ஒரு லைப்ரரி, அதுல ‘லிஸ்ட்டிர்’னு ஒரு வார்த்தை, ஃபோல்டர் பேரச் சொன்னா உள்ள கெடக்கறதையெல்லாம் கக்கீரும்னு சொன்னே. கக்குச்சு. கக்குனதப் பாத்துப்போட்டுத்தான் உங்க அம்மிச்சி வெத்தலையத் துப்பிக்கிட்டு உள்ள போனா.

என்ன முழிக்கறே? கெழவன் லிஸ்ட்டிருங்கறான், பைத்தான்ங்கறான்னா? உனக்குச் சொல்லிக்குடுத்த உங்கக்காகிட்டயே, நீ மத்தியானம் குறட்டை விடறப்ப நானும் பாடம் கேட்டேன். நீ ஒண்ணும் எழுதிக்கல. நான் காலண்டர் தாளுக்குப் பின்னால எழுதி வெச்சிருக்கறேன்.

முதல் வரிக்கு வருவோம். லிஸ்ட்டிர் உனக்கு என்ன குடுத்துச்சு? பேரு. வெறும் பேரு. நான் மொய் எழுத உக்காந்தா முதல்ல என்ன கேப்பேன்? “எந்த ஊருங்க?” அதுக்கப்பறந்தான் பேரு. இந்தச் சுத்துப்பட்டுல ராமசாமி எத்தனை பேருன்னு நீயே எண்ணிப் பாரு. ஊரு போடாத ராமசாமி 101 ரூவா வெச்சா, அது எந்த ராமசாமிக்குத் திரும்பிப் போகும்? லிஸ்ட்டிர் ஊரு எழுதாத மொய்க்காரன். ‘பக்கம்_1’னு எழுதிக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிரும். நாலு நோட்டுலயும் பக்கம் ஒண்ணு இருக்குதே! நீ அந்த மொட்டைப் பேர எடுத்துக்கிட்டுப் போயித் தொறக்கப் பாத்தே, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு செவப்பு எழுத்துல வஞ்சுச்சு. “இப்பத்தான அப்புச்சி இருக்குதுன்னுச்சு, இப்ப இல்லீங்குது, பொய் பேசுது”ன்னு குதிச்சே. பொய்யில்ல சாமி. நீ நின்னுக்கிட்டிருந்த ஊர்ல அந்தப் பேர்ல ஆளில்ல, அவ்வளவுதான்.

ஊரையும் பேரையும் கோக்கறதுக்கு அதே லைப்ரரியில ‘பாத் ஜாயின்’ இருக்குது. 2014ல பைத்தான் 3.4 கூட வந்த ‘பாத்லிப்’ இன்னும் மேலு. அதுல ‘இட்டர்டிர்’னு கேட்டா, ஊரோட சேத்தியே பேரு சொல்லும். இதுல ஒரு வேடிக்கை பாரு. நீ அந்த ஃபோல்டருக்குள்ளயே நின்னுக்கிட்டு ஓட்டுனா, ஊரு போடாமயே எல்லாம் சரியா நடக்கும். அதனாலதான் நேத்து ராத்திரி உன்ற லேப்டாப்புல ஓடுனது, காத்தால உங்கக்கா லேப்டாப்புல ஓடல. உள்ளூர்க் கல்யாணத்துல ஊரு எழுதாம மொய் புடிச்சவன், வெளியூர்ப் பந்தல்ல உக்காந்த கதை.

சரி, வரிசைக்கு வா. உன்ற வண்டவாளமெல்லாம் அங்கதான் இருக்குது.

முதல் தடவை என்ன வந்துச்சு? பக்கம் 7, அப்பறம் 31, அப்பறம் 2, அப்பறம் 18. நான் எழுதுன நோட்டுல மேல ‘உ’ போட்டு, ‘லாபம்’னு எழுதி, அதுக்குக் கீழ முதல் வரி தாய்மாமன் மொய். தாய்மாமன எழுதாம அடுத்தவன எழுதிப்போட்டா பந்தல்ல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது, நீ பொறக்கறதுக்கு முந்தி ஒருக்கா நடந்துச்சு, பந்தக்கால் மட்டுந்தான் மிச்சம் நின்னுச்சு. கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன் கெடையாது கண்ணு. லிஸ்ட்டிர் குடுக்கற வரிசைக்கு ஒரு ஒழுங்கும் கெடையாதுன்னு பைத்தான் கையேட்டுலயே எழுதியிருக்குது. நீ படிக்கல.

ஏன் அப்படின்னு உங்கக்காகிட்டக் கேட்டேன். லைப்ரரி மேல குத்தமில்ல. டிஸ்க்குக்குள்ள பேர அடுக்கி வெக்கறவன் வேற ஆளு, அவன் தனக்கு எது சுலுவோ அப்படி அடுக்கறான். லினக்ஸ்ல இருக்கற ‘எக்ஸ்ட்4’, பெரிய ஃபோல்டர்ல சீக்குன்னு தேடறதுக்காகப் பேர ஒரு கணக்குல போட்டு நசுக்கி, வர்ற எண்ணுப்படி அடுக்கி வெச்சுக்குது. நம்ம கண்ணுக்கு அது சீட்டுக்கட்டக் கலைச்ச மாதிரி. விண்டோஸ்ல இருக்கற ‘என்டிஎஃப்எஸ்’ பேர்களை அகர வரிசைப்படியே மரத்துல கோத்து வெக்குது. அதனால விண்டோஸ்ல பழகுன பசங்களுக்கு லிஸ்ட்டிரே வரிசையாக் குடுக்குதுன்னு ஒரு நெனப்பு. பழைய மேக்குல இருந்த ‘எச்எஃப்எஸ் பிளஸ்’சும் அப்படித்தான். அதுக்கப்பறம் வந்த ‘ஏபிஎஃப்எஸ்’ வரிசைப்படுத்திக் குடுக்கறேன்னு யாருக்கும் வாக்குக் குடுக்கல.

இதென்ன பெரிய வெவகாரமான்னு உதட்டப் பிதுக்காதே. ஹவாய்த் தீவுல ஒரு பல்கலைக்கழகம். 2019ல அங்க பாசி மாதிரி இருக்கற சயனோபாக்டீரியாவுல கெடைச்ச ஒரு பொருளுக்கு வேதியியல் கணக்கு ஒண்ணு போட்டாங்க. 2014ல ஒரு ஆய்வுக் கட்டுரையோட சேந்து வந்த பைத்தான் ஸ்கிரிப்டு, உலகம் பூரா வேதியியல்காரங்க எடுத்து ஓட்டுனது. அதே ஸ்கிரிப்டு, அதே ஃபைலுக. விண்டோஸ் 10லயும் மேக்கோட மாவெரிக்ஸ்லயும் ஓட்டுனா 173.2ன்னு வந்துச்சு. உபுண்டு 16ல ஓட்டுனா 172.4. மேக்கோட மொஹாவேயில ஓட்டுனா 172.7. ஒரே நெல்லு, ஒரே படி, அளக்கற வீட்டப் பொறுத்து எடை மாறுது! என்னன்னு நோண்டிப் பாத்தா, ரெண்டு தினுசு ஃபைலுகள ஜோடி போட்டுப் படிக்கோணும். ரெண்டு பட்டியலும் ஒரே வரிசையில வந்துரும்னு எழுதுனவங்க நம்பிப்போட்டாங்க. சில வீட்டுல வந்துச்சு, சில வீட்டுல மாப்பிள்ளை மாத்தி ஜோடி சேந்துபோச்சு. செவப்பு எழுத்து இல்ல, திட்டு இல்ல, கம்முன்னு தப்பான எண்ணக் குடுத்துச்சு. அந்த ஸ்கிரிப்ட நம்புன நூத்துக்கும் மேல கட்டுரைகள்ல சங்கதி தப்பாயிருக்கலாம்னு பேச்சு. திருத்தம் என்ன தெரியுமா? வரிசைப்படுத்துன்னு ஒரே வார்த்தை. பைத்தான்ல ‘சார்ட்டட்’.

அந்த வார்த்தைய நீயும் போட்டே, இல்லீங்கல. போட்டதும் என்ன வந்துச்சு? பக்கம் 1, பக்கம் 10, பக்கம் 11, அப்படியே 19 வரைக்கும் போயிட்டு அப்பறம் 2. பள்ளிக்கூடத்துல உன்ன ஒண்ணு ரெண்டு எண்ணச் சொன்னப்பயே எனக்கு இந்தச் சந்தேகம் இருந்துச்சு. நீ எண்ணுன்னு நெனைக்கறத அது எழுத்துன்னு நெனைக்குது. முதல் எழுத்து ஒண்ணா, அதெல்லாம் ஒரு பக்கம் நில்லுங்குது. 01, 02ன்னு முன்னால ஒரு சைபர் போட்டுப் பேரு வெச்சிருந்தா இந்தக் கெரகமே இல்ல. இல்லாட்டி அந்த எண்ண மட்டும் உருவி எண்ணாக்கி, அதப் பாத்து அடுக்குன்னு சார்ட்டட்டுக்குச் சாவி ஒண்ணு குடுக்கோணும். நம்ம நோட்டுல ஒவ்வொரு பக்கத்தோட தலையிலயும் முன் பக்கத் தொகை இருக்குதல்லோ? ஒண்ணாம் பக்கத்துக்கு அடுத்துப் பத்தாம் பக்கம் வந்தா அந்தக் கணக்கு எப்படி ஒட்டும்? அதத்தான் அம்மிச்சி பாத்தா. வரிசைய ஒழுங்கு பண்ணி எண்ணிப் பாத்தும், உங்கம்மா கல்யாண நோட்டுல 500 ரூவா குறையுதுங்கறா. அது கெடக்கட்டும். அதப் பத்தி அப்பறம் பேசுவோம்.

ஊர்வாரியா ஃபோல்டர் போட்டயே, அதக் காட்டு. ஆங். பரமத்தி, பல்லடம், பள்ளபாளையம், பழனி, பவானி. சார்ட்டட் போட்டுத்தான இது வந்துச்சு? எந்த வாத்தியாரு உனக்கு அகர வரிசை சொல்லிக்குடுத்தாரு? ய ர ல வ ழ ள ற ன. அப்படிப் பாத்தா பரமத்தி, பல்லடம், பவானி, பழனி, பள்ளபாளையம்னு வரோணும். பவானிக்காரன் மூணாவதா நிக்கவேண்டியவன், அவனக் கடைசிக்குத் தள்ளிப்போட்டே. பைத்தான் எழுத்தப் பாக்கறதில்ல கண்ணு, யூனிகோடுல எழுத்துக்குக் குடுத்த எண்ணப் பாக்குது. அந்த எண் வரிசையில ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, அப்பறம் ழ, அதுக்கும் பொறகால வ. ன-வக் கொண்டுபோயி ந-வுக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கறாங்க. புள்ளி வெச்ச க் நம்ம அகராதியில க-வுக்கு முன்னால வரோணும், அங்க கௌ-வுக்கும் பின்னால போயி நிக்குது. தமிழ் வரிசை வேணும்னா ஐசியூ லைப்ரரியக் கூப்புடு, பைத்தான்ல அதுக்குப் ‘பைஐசியூ’ இருக்குது. நம்ம ஆளுங்க பண்ணுன ‘ஓபன்-தமிழ்’லயும் எழுத்துப் பிரிச்சு அடுக்க வழி இருக்குது. உன்ற சார்ட்டட்டுக்குத் தொல்காப்பியரத் தெரியாது.

பேரு நீட்டி வெக்கறதுலயும் ஒரு கோளாறு பண்ணுனே. பத்திரிகையில அச்சடிச்ச மாதிரி ‘திருவளர்ச்செல்வி’ல இருந்து ‘அன்புடன் அழைக்கிறோம்’ வரைக்கும் ஒரே ஃபைல் பேரா வெச்சுப் பாத்தே, சேவ் ஆகல. எக்ஸ்ட்4ல ஒரு பேருக்கு 255 பைட்டுதான் எடம். தமிழுக்குப் பைட்டு எச்சா ஆகும். ‘மொய்நோட்டு’ன்னு எழுது, கண்ணுக்கு அஞ்சு எழுத்து. உள்ள மெய்யி, புள்ளி, கொம்புன்னு பத்துத் துண்டு, துண்டுக்கு மூணு பைட்டு, ஆக முப்பது. அத்தோட விட்டுதா? ‘கொடுமுடி’ன்னு தேடி, ஃபோல்டர் கண்ணு முன்னால இருக்கையிலயே இல்லைன்னு வந்துச்சே, அது உங்க சித்தியோட பழைய மேக்குல இருந்து வந்த ஃபோல்டரு. ‘கொ’ங்கறத ஒத்தைத் துண்டாவும் எழுதலாம், முன்னால ஒரு கொம்பு பின்னால ஒரு காலுன்னு ரெண்டு துண்டாவும் எழுதலாம். பழைய மேக்கு பிரிச்சுத்தான் வெக்கும். பாத்தா ஒண்ணு, பைட்ட எண்ணுனா வேற. ‘யூனிகோட்டேட்டா’வுல ‘நார்மலைஸ்’னு ஒண்ணு இருக்குது, ரெண்டையும் அதுல விட்டு எடுத்து அப்பறம் ஒப்பிட்டுப் பாரு.

அடுத்தது என்ன? ஃபைல் எது, ஃபோல்டர் எதுன்னு பிரிக்கறது. இதுக்கு நீ பண்ணுன வேலையப் பாத்தா எனக்குப் பழைய தபால்காரன் ஞாபகம் வருது. லிஸ்ட்டிர்ல பேர வாங்கிக்கிட்டு, ஒவ்வொரு பேருக்கும் மறுபடி டிஸ்க்கு வரைக்கும் போயி “நீ ஃபைலா, ஃபோல்டரா?”ன்னு கேட்டுட்டு வரே. பத்துப் பேருன்னாப் பரவால்ல. பத்தாயிரம் பேருன்னா? இந்த அக்கப்போரப் பாத்துட்டுத்தான் பென் ஹாய்ட்டுங்கறவரு பெப் 471னு ஒரு யோசனை எழுதுனாரு. பேரு சொல்றப்பவே ஆளு என்ன தினுசுன்னு பெரும்பாலும் டிஸ்க்குக்காரனே சொல்லிப்போடறான், நாமதான் அதக் காதுல வாங்காம விட்டுட்டு மறுபடி போயிக் கேட்டுக்கிட்டிருக்கறோம்னு கண்டுபுடிச்சாரு. அந்த யோசனைதான் 2015ல பைத்தான் 3.5ல ‘ஸ்கேன்டிர்’னு வந்துச்சு. அத உள்ள வெச்சுக் கட்டுனதுல ‘வாக்’ங்கறது லினக்ஸ் மாதிரி எடத்துல ரெண்டு மூணு மடங்கு, விண்டோஸ்ல எட்டு ஒம்பது மடங்கு வெரசா ஓடுதுன்னு அந்தப் பெப்புலயே கணக்குப் போட்டிருக்குது. நீ இன்னும் தபால்காரனாத்தான் சுத்தறே.

வாக்குன்னதும் கேக்கோணும்னு இருந்தேன். நேத்துப் பத்து மணி வரைக்கும் லேப்டாப்பு ஃபேன் சூறைக்காத்தாட்டம் ஊதிக்கிட்டுக் கெடந்துச்சே, என்ன பண்ணித் தொலைச்சே?

வாக்குங்கறது கல்யாணத்துக்கு அழைக்கப் போற ஆளு மாதிரி. ஒரு வீட்டுக்குள்ள நுழைஞ்சா உன்கிட்ட மூணு சங்கதி சொல்லுது: இப்ப எந்த வீட்டுல நிக்கறேன், இந்த வீட்டுக்குள்ள எத்தனை உள்வீடு, எத்தனை ஆளு. அப்பறம் உள்வீடு ஒவ்வொண்ணா நுழையுது. குறுக்கு வழி வெச்ச ஃபோல்டர், அதான் இந்த சிம்லிங்கு, அதுக்குள்ள அதுவாப் போகாது. புத்திசாலி. நீதான் ‘ஃபாலோலிங்க்ஸ்’ சரின்னு போட்டு அதக் கெளப்பி விட்டே. மாப்பிள்ளை வீட்டு ஃபோல்டருக்குள்ள நம்ம வீட்டுக்கே ஒரு சிம்லிங்கு இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்குப் போனா “உங்க சம்பந்தி வீட்ட அழைச்சீங்களா?”ங்கறாங்க, நம்ம வீட்டுக்கு வந்தா “மாப்பிள்ளை வீட்ட அழைச்சாச்சா?”ங்கறோம். ராத்திரி பூரா ஒரே வீதியில தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுது. நீ கன்ட்ரோல் சி அமுக்கித்தான் அதுக்கு உசுரு வந்துச்சு.

வேண்டாத வீட்டுக்குப் போகவேண்டாம்னு சொல்லவும் வழி இருக்குது. நீயும் சொன்னே, அது கேக்கல. ஏன்? அந்தாளு கையில உள்வீட்டுப் பட்டியல் ஒண்ணு வெச்சிருக்கறான். அந்தக் காகிதத்துலயே நீ பேர அடிக்கோணும். நீ என்ன பண்ணுனே, புதுசா ஒரு காகிதம் எடுத்து நல்ல பேரையெல்லாம் எழுதி, அதுக்கும் அதே பேர வெச்சு, உன்ற சட்டைப்பையில போட்டுக்கிட்டே. அவன் அவன் காகிதத்தப் பாத்துப் போறான். அதே லிஸ்டுக்குள்ள கைய விட்டு மாத்தோணும், அந்தச் சதுர அடைப்புக்குள்ள முக்காற்புள்ளி போட்டு எழுதறாங்களே, அப்படி. அதுவும் மேல இருந்து கீழ போறப்ப மட்டுந்தான் செல்லும். கீழ இருந்து மேல வரச் சொல்லிப்போட்டு அடிச்சா, போயிட்டு வந்தவன் வாசல்ல நின்னு சிரிப்பான்.

இன்னொண்ணு இருக்குது, அது கொஞ்சம் வெவகாரமானது. பூட்டுன வீடு. உள்ள போக அனுமதி இல்லாத ஃபோல்டரு வந்தா வாக்கு என்ன பண்ணும்னு நெனைக்கறே? கத்துமா? கத்தாது. கம்முன்னு தாண்டிப் போயிரும். வந்து “எல்லாரையும் அழைச்சாச்சுங்க”ங்கும். கல்யாணத்தன்னிக்கு அந்த வீட்டுக்காரன் வரலைன்னாத்தான் நமக்குத் தெரியும். ‘ஆன்எரர்’னு ஒரு எடம் வெச்சிருக்கறாங்க, பூட்டுன வீட்டக் கண்டா என்கிட்ட வந்து சொல்லுன்னு அங்க ஒரு ஆளப் போடோணும். நீ போடல. எனக்குத் தெரியும், ஏன்னா உங்க சித்தப்பன் ஃபோல்டர்ல ஒரு ஃபைலு கூடப் பட்டியல்ல வரல, நீயும் அத எண்ணிப் பாக்கல. அவனா? எழுபது வீடு தாண்டி இருந்தாலும் கூப்பிடலைன்னா மூணு தலைமுறைக்குப் பேசுவான்.

தண்ணி குடி. இந்தா மோரு. அம்மிச்சி என்ன பண்றா உள்ள? சத்தமே காணோம்.

இது என்ன, பட்டியல்ல மொய் வெக்காதவனெல்லாம் இருக்கறான்? ‘தம்ப்ஸ் டிபி’, ‘டெஸ்க்டாப் இனி’, ‘டிஎஸ் ஸ்டோர்’. எவன் அழைச்சான் இவிகள? முதல் ரெண்டு பேரும் விண்டோஸோட ஒறம்பரை, மூணாவது ஆளு உங்க சித்தியோட மேக்குல ஒட்டிக்கிட்டு வந்தவன். பந்தியில மட்டும் வந்து உக்காந்துக்குவாங்க. மொத்தம் 212 பக்கம்னு நீ பெருமையாச் சொன்னயே, அதுல இவிகளையும் சேத்தித்தான எண்ணுனே?

அந்த டிஎஸ் ஸ்டோருக்கு முன்னால ஒரு புள்ளி இருக்குது பாத்தயா? அதுக்கு ஒரு கதை இருக்குது, உங்கக்கா சொன்னதுலயே எனக்குப் புடிச்ச கதை. யூனிக்ஸ்ல ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் சொல்லாமக் கொள்ளாம ரெண்டு பேரு குடியிருக்கறாங்க. ஒத்தைப் புள்ளின்னா தானு, ரெட்டைப் புள்ளின்னா தன்னோட அப்பன். எல்லாத்துக்கும் மூத்த வீட்டுக்கு மட்டும் அப்பனும் தானேதான், சாமி மாதிரி. ஒவ்வொருக்கா பட்டியல் போடறப்பவும் இந்த ரெண்டு புள்ளியும் வந்து நின்னா எரிச்சலா இருக்குதுன்னு, ஆதியில எழுதுன ஆளு முதல் எழுத்து புள்ளியா இருந்தா விட்டுருன்னு சுருக்கமா எழுதிப்போட்டான். சோம்பேறித்தனம். ரெண்டு பேர விரட்டறதுக்குப் போட்ட வேலியில, புள்ளியில தொடங்குற பேரு அத்தனையும் மறைஞ்சு போச்சு. அப்பறம் அதுவே வசதின்னு ஆளாளுக்குப் புள்ளி வெச்சு ஒளிச்சு வெக்க ஆரம்பிச்சுட்டாங்க. பெல் லேப்ஸ்ல யூனிக்ஸ்காரங்களோட வேலை பாத்த ராப் பைக்குங்கறவரே இது தப்புல பொறந்த பழக்கந்தான்னு சொல்லியிருக்கறாரு. நம்ம ஊர்லயும் பாதி சாங்கியம் அப்படித்தான் வந்திருக்கும், பூசாரிகிட்டக் கேட்டா அடிக்க வருவான்.

லிஸ்ட்டிர் அந்தத் தானையும் அப்பனையும் மட்டும் விட்டுரும், மத்த புள்ளிக்காரங்களக் காட்டிக்குடுத்துரும். ‘குளோப்’புன்னு இன்னொரு லைப்ரரி இருக்குதல்லோ, நட்சத்திரம் போட்டு ‘ஜேபிஜி எல்லாம் வா’ன்னு கூப்பிடறது, அது மரியாதை தெரிஞ்சது. புள்ளி வெச்சவனக் கண்டா கண்டும் காணாத மாதிரி போயிரும்.

ஆனா அந்தக் குளோப்பத்தான் நீ ஏமாத்திப்போட்டே. உன்ற போன்ல எடுத்த படமெல்லாம் சின்ன எழுத்து ஜேபிஜி. உங்க மாமனோட பழைய கேமராவுல எடுத்தது பெரிய எழுத்து ஜேபிஜி. லினக்ஸுக்கு அது ரெண்டும் வேற சாதி. நீ சின்ன எழுத்தக் கூப்பிட்டே, பெரிய எழுத்துக்காரங்க அம்பது அறுவது பேரு பந்தலுக்கு வெளியவே நின்னாங்க. விண்டோஸ்ல ஓட்டியிருந்தா எல்லாரும் வந்திருப்பாங்க, அங்க பெரியவன் சின்னவன் பாக்கறதில்ல. நம்ம தமிழ்ல எழுத்துக்குப் பெரிசு சின்னது கெடையாது, இங்கிலீஷ்காரன் எழுத்துலயே ஏத்தத்தாழ்வு வெச்சுட்டுப் போயிட்டான். பேரோட வாலச் சின்ன எழுத்தாக்கிப் பாத்துச் சேத்திரு.

அப்பறம் பட்டியல் போட்ட நேரத்துக்கும் ஃபைலத் தொறக்கற நேரத்துக்கும் நடுவால ஆளு எந்திரிச்சுப் போயிரலாம். நேத்து நீ பட்டியல் எடுத்துட்டுச் சாப்பிடப் போனே, உங்கக்கா வந்து மங்கலாயிருந்த ரெண்டு படத்த அழிச்சா. திரும்பி வந்து ஓட்டுனதும் மறுபடி செவப்பு எழுத்து. பந்தி எண்ணிக்கை எடுக்கறப்ப இருந்தவன் எலை போடறப்ப இருப்பான்னு யாரு சொன்னது? இல்லாட்டி இல்லைன்னு எழுதிக்கிட்டு அடுத்த எலைக்குப் போகோணும், அதுக்காக அடுப்பையே அணைச்சிரக்கூடாது.

சரி, பொழுதாச்சு. மூணு வரி இப்ப எத்தனையாச்சு? நாப்பதா? அது நாயம்.

கிட்ட வா, ஒரு சங்கதி. மெதுவாப் பேசு. உங்கம்மா கல்யாண நோட்டு ஃபோல்டர்ல 37ஆம் பக்கம் இருக்குது பாரு. அதக் கொஞ்சம் பெரிசு பண்ணு. கடைசி வரியில பென்சில்ல ‘கைச்செலவு 500’னு இருக்குதா? ஆமா, என்ற எழுத்துதான். அன்னிக்கு ராத்திரி மொய் எண்ணி முடிச்சுட்டு, பக்கத்து ஊர்ல சேவக்கட்டு நடக்குதுன்னாங்க, சும்மா எட்டிப் பாத்துட்டு வரலாம்னு போனேன். நல்ல சேவல்தான், என்னமோ அன்னிக்கு அதுக்கு நேரஞ் சரியில்ல. அந்த 500 எங்கன்னு உங்க அம்மிச்சி அன்னிக்கு ஆரம்பிச்சா, இன்னும் நிறுத்தல.

அதனால என்ன பண்றேன்னா, அந்த ஃபைல் பேருக்கு முன்னால ஒரு புள்ளி வெச்சுரு. ஒரே ஒரு புள்ளி. அழிக்கச் சொல்லல, அழிச்சாப் பாவம், கணக்கு கணக்குதான். லிஸ்ட்டிர்ல தெரியும்னு எனக்கும் தெரியும். ஆனா அம்மிச்சிக்கு நீ சொல்லிக்குடுத்தது குளோப்புதான? நட்சத்திரம் போட்டு ஜேபிஜி கேப்பா, புள்ளி வெச்சது அவ கண்ணுல படாது.

என்னது? குளோப்பு இல்லையா? பாத்லிப்பா? அந்தப் பாத்லிப்புக்குள்ளயும் ஒரு குளோப்பு இருக்குதா, அது புள்ளி வெச்சவனையும் சேத்துக் காட்டுமா?

எப்ப சொல்லிக்குடுத்தே? நான் மத்தியானம் தூங்கறப்பவா?

அவ கையில இருக்கறது என்ன, 37ஆம் பக்கமா? எந்திரி கண்ணு, எந்திரி, லேப்டாப்ப மூடு.